ஆர்கன் இசையை ஹார்ப்சிகார்டில் வாசிக்க ஒரு வாடகை அறை: ஏழு மாத அனுபவம்

ஆம்ஸ்டர்டாமில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு ஹார்ப்சிகார்ட் அறைக்கு ஏழு மாதமாகப் போய்வருகிறேன். வாரத்துக்கு ஒரு முறை, சில வாரம் இரண்டு முறை. நல்ல இடம். குறிப்பாக, சர்ச்சில் ஆர்கன் வாசித்துப் பழகியவர்கள், பரோக் கால ஆர்கன் இசையை வேறொரு கருவியில் பிடித்துப் பார்க்க நினைப்பவர்கள், தயங்காமல் போகலாம். இடத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஒரே ஆள் நடத்துகிறார், நான் இரண்டு மூன்று குறைகளும் சொல்லப் போகிறேன், அதைப் பெயரோடு எழுதி அவர் பிழைப்பில் கைவைக்க மனசு வரவில்லை. ஆனால் எந்த ஊரில் இப்படி ஓர் அறை தேடினாலும் எதைக் கேட்டு எடுக்க வேண்டும் என்று இதைப் படித்தால் தெரியும்.

கால்வாய் ஓரத்து வீட்டின் இரண்டாம் மாடி. படி செங்குத்தாக இருக்கும், நோட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். மணிக்கு 17 யூரோ, பத்து முறைக்கு அட்டை வாங்கினால் 150. அறையில் இரண்டு கருவிகள். ஒன்று பழைய ஃப்ளெமிஷ் கருவியைப் பார்த்துச் செய்த இரட்டை வரிசை ஹார்ப்சிகார்ட், அதாவது கட்டைகள் மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு. இன்னொன்று இத்தாலிய மாதிரியில் ஒற்றை வரிசை, சைப்ரஸ் மரம், பலகை அவ்வளவு மெல்லிசு. இரண்டையும் ஒரே வாடகையில் வாசிக்கலாம் என்பதுதான் இந்த இடத்தின் பெரிய லாபம். ஏன் என்று கீழே வருகிறது.

ஹார்ப்சிகார்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்வைக்குச் சின்ன கிராண்ட் பியானோ மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே சுத்தியல் கிடையாது. கட்டையை அழுத்தினால் ஜாக் என்கிற மெல்லிய மரச்சட்டம் மேலே எழும்பும், அதில் செருகியிருக்கும் சின்ன முள் கம்பியை மீட்டிவிட்டுப் போகும். அந்தக் காலத்தில் அந்த முள் பறவை இறகின் தண்டு, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். கட்டையை விட்டால் ஜாக் கீழே விழும், அதன் மேல் நுனியில் உள்ள துணித்துண்டு கம்பியை அமுக்கி ஒலியை நிறுத்தும். ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் சத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆர்கனிலும் அப்படித்தானே, அதனால் ஆர்கன் பழகிய கை இங்கே சட்டென்று உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் ஏமாந்துபோகும். ஆர்கனில் விரல் கட்டையில் இருக்கும்வரை குழாய் ஊதிக்கொண்டே இருக்கும், ஒரு துளியும் குறையாது. இங்கே மீட்டிய அந்த நொடியிலிருந்தே ஒலி சாகத் தொடங்குகிறது.

நான் போக ஆரம்பித்த காரணம் எளிமையானது. நான் பயிற்சி செய்யும் சர்ச்சில் குளிர்காலத்தில் வாரநாட்களில் சூடேற்ற மாட்டார்கள், விரல் விறைத்துவிடும். இந்தக் கஷ்டம் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆர்கன்காரர்களுக்கும் இருந்தது, அவர்களுக்குக் கூடுதலாகத் துருத்தி மிதிக்க ஆளும் வேண்டும். அதனால் வீட்டில் கிளாவிகார்ட் என்னும் மெல்லொலி விசைக் கருவியிலும் ஹார்ப்சிகார்டிலும் பயிற்சி செய்தார்கள், காலுக்கு பெடல் வைத்த கருவிகளும் இருந்தன. பாக் தன் கடைசி மகன் யோஹான் கிறிஸ்டியனுக்குப் பெடலோடு மூன்று விசைக் கருவிகளைக் கொடுத்திருந்தார் என்பது 1750ல் அவர் இறந்த பிறகு நடந்த சொத்துப் பங்கீட்டுக் கணக்கில் வருகிறது.

"ஆர்கனுக்கு எழுதியதை ஆர்கனில்தானே வாசிக்க வேண்டும்" என்று என்னிடம் சொல்கிற நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பழைய அச்சுப் புத்தகங்களின் முகப்பைக் காட்டுவேன். இத்தாலிய ஆர்கன்காரர் ஃப்ரெஸ்கோபால்டியின் டொக்காட்டா (கட்டற்ற ஓட்டமாகப் போகும் விசைக் கருவிப் பாட்டு) இரண்டாம் புத்தகம், ரோம், 1627: ஹார்ப்சிகார்டுக்கும் ஆர்கனுக்கும் என்று போட்டிருக்கிறது. பாஹெல்பெல் 1699ல் வெளியிட்ட ஆறு ஆரியா (ஒரு மெட்டும் அதன் மாறுதல்களும்) தொகுப்பில் காற்று ஆர்கன் அல்லது ஹார்ப்சிகார்ட் என்று இருக்கிறது. 1738ல் லண்டனில் வந்த ஹேண்டலின் ஆர்கன் கான்செர்ட்டோக்களில்கூட ஹார்ப்சிகார்டின் பெயர் முன்னால் வருகிறது. அப்புறம், எந்த ஆர்கனைச் சொல்கிறோம் என்பதும் ஒரு கேள்வி. ஆர்கன்காரர் புக்ஸ்டஹூட 1668 முதல் 1707ல் சாகும்வரை வாசித்தது ஜெர்மனியின் லூபெக் மரியா ஆலயத்தில். அங்கிருந்த பெரிய ஆர்கனை 19ஆம் நூற்றாண்டிலேயே மாற்றிவிட்டார்கள், சின்னது 1942 குண்டுவீச்சில் எரிந்துபோனது. ஸ்வேலிங்க் வாசித்த ஆம்ஸ்டர்டாம் பழைய ஆலயத்தில் இன்று இருக்கும் பெரிய ஆர்கன் 1726ல் வந்தது, அவர் இறந்ததோ 1621ல். அவர்கள் காதில் விழுந்த ஒலி நமக்குக் கிடைக்காது. நோட்டும் கருவியும் விரலும்தான் மிச்சம்.

சரி, அறைக்கு வருவோம்.

இத்தாலியக் கருவியில் நான் முதலில் எடுத்தது ஃப்ரெஸ்கோபால்டி இரண்டாம் புத்தகத்தின் ஐந்தாம் டொக்காட்டா. ஆர்கனுக்காக, பெடல் மேல் வாசிப்பது என்று தலைப்பிலேயே இருக்கிறது. பக்கத்திலேயே "பெடல் இல்லாமலும்" என்றும் இருக்கிறது. அந்த இரண்டு சொற்களை நம்பித்தான் உட்கார்ந்தேன். ஆர்கனில் இது எப்படி இருக்கும் என்றால், கால் ஒரு பேஸ் ஸ்வரத்தில் இறங்கி அப்படியே நின்றுவிடும், மேலே இரண்டு கையும் போகும் இடமெல்லாம் போகும். சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு அதன்மேல் ஆலாபனை செய்வதைப் போல. காலை எடுக்கவே வேண்டாம், அந்த ஸ்வரம் தரையாகக் கிடக்கும்.

முதல் நாள் அதையே இங்கே செய்தேன். இடது கையில் பேஸை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையில் ஓட்டங்களை வாசித்தேன். இத்தாலியக் கருவியின் குணம், ஒலி சட்டென்று வெடித்து எழும், அதே வேகத்தில் அடங்கிவிடும். நாலைந்து விநாடியில் பேஸ் காணாமல் போனது. மேலே ஓடிக்கொண்டிருந்த ஸ்வரங்கள் எதன்மேல் ஓடுகின்றன என்றே தெரியவில்லை, சுருதி நின்றபிறகு பாடுகிறவர் குரல் மாதிரி. இரண்டாம் வாரம் வேறு வழி: ஒவ்வொரு பார் தொடக்கத்திலும் பேஸைத் திரும்ப அடித்தேன். அது இன்னும் மோசம். கொல்லன் பட்டறை மாதிரி ஒரே சீராக அடி விழுந்துகொண்டிருந்தது, இசை அந்த அடிக்குப் பின்னால் இழுபட்டுப் போனது.

பிறகுதான் முதல் புத்தகத்துக்கு ஃப்ரெஸ்கோபால்டியே எழுதிய முன்னுரையை ஒழுங்காகப் படித்தேன். தாளத்துக்குக் கட்டுப்பட்டு வாசிக்காதே, புது மாதிரி மாட்ரிகல் பாட்டில் சொல்லின் உணர்ச்சிக்குத் தக்கபடி காலம் இழுபடுவதும் விரைவதும் போல வாசி என்கிறார். டொக்காட்டாவின் தொடக்கத்தை மெதுவாக, கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டை, பிரித்துப் பிரித்து வாசிக்கச் சொல்கிறார். ஸ்வரங்கள் உரசும் இடங்களில் திரும்ப மீட்டலாம், எத்தனை முறை என்பது வாசிப்பவர் விருப்பம், காரணம் கருவியை வெறுமையாக விடக்கூடாது என்பது. இந்தக் கடைசிக் காரணத்தை நான் முன்பு எத்தனையோ முறை கண்ணால் கடந்து போயிருக்கிறேன், ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்து படித்ததால் அதன் அவசரம் புரியவில்லை. ஆர்கன் வெறுமையாவதே இல்லை. இங்கே, கண் முன்னாலேயே கருவி காலியாகிறது.

இப்போது நான் செய்வது இது. தொடக்கக் கார்டைக் கீழிருந்து மேலாகப் பிரிக்கிறேன், முதல் இரண்டு ஸ்வரம் நிதானமாக, மற்றவை நெருங்கி வரும்படி. அழுத்திய எந்த விரலையும் எடுப்பதில்லை. ஆர்கனில் இப்படி விரலை விடாமல் வைத்தால் எல்லாம் கலந்து சேறாகிவிடும். ஹார்ப்சிகார்டில் அந்தக் கம்பிகள் ஒன்றுக்கொன்று துணையாக அதிர்ந்து, அறை கொஞ்ச நேரம் நிறைந்து இருக்கும். பேஸை மணி பார்த்து மீட்டுவதில்லை. மேலே ஒரு ஸ்வரம் பேஸோடு உரசும்போது, அந்த உரசல் காதில் விழ பேஸ் உயிரோடு இருந்தாக வேண்டும் என்னும் இடத்தில், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே மீட்டுகிறேன். உரசல் தீர்ந்து இறங்கும்போது பேஸைச் சாக விடுகிறேன், அங்கே அது அடங்குவதே அழகு. சில இடத்தில் அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே தொட்டுவிட்டுக் கீழே வருகிறேன், அப்போது திரும்ப மீட்டியது தனி அடியாகக் கேட்பதில்லை. வீணை வாசிப்பவர்கள் பக்க சாரணியைச் சுண்டுவிரலால் தட்டித் தட்டிச் சுருதியை உயிரோடு வைத்திருப்பார்களே, அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை சீக்கிரம் கைவரும் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த நினைவுதான் கை கொடுத்தது.

இந்தக் கருவியில் இன்னொரு விசேஷம், கீழ் ஸ்தாயி சுருங்கியது. கடைசியில் ஈ மாதிரி தெரியும் கட்டையைத் தொட்டால் வருவது சி. எஃப் ஷார்ப் இருக்க வேண்டிய இடத்தில் டி, ஜி ஷார்ப் இடத்தில் ஈ. முதல் நாள் தலை சுற்றும். ஆனால் அந்தக் கால நோட்டுகளில் இடது கைக்கு எட்டாத தூரத்தில் எழுதிய கார்டுகள் இந்த அமைப்பில் சாதாரணமாக எட்டுகின்றன. கீழே சி, மேலே அடுத்த ஸ்தாயியின் ஈ, சாதாரணக் கீபோர்டில் பத்து வெள்ளைக் கட்டை தூரம். இங்கே கை ஓர் எட்டுக் கட்டைக்கு விரிந்தால் போதும். வீட்டில் டிஜிட்டல் கீபோர்டில் பிரித்துப் பிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்த கார்டுகள் இங்கே ஒரே பிடியில் வந்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம்.

இரட்டை வரிசைக் கருவியில் ஸ்வேலிங்கின் எதிரொலி ஃபாண்டசியா. ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து ஸ்வேலிங்கை வாசிக்கும்போது மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். அவருக்குச் சம்பளம் கொடுத்தது நகராட்சி. கால்வினியப் புராட்டஸ்டன்ட் வழிபாட்டில் ஆர்கனுக்கு இடமில்லை, அதனால் வழிபாட்டுக்கு முன்னும் பின்னும் ஊர் மக்கள் கேட்க வாசித்தார். 1604ல் அதே நகராட்சிக்காக ஆன்ட்வெர்ப்புக்குப் போய் ருக்கர்ஸ் பட்டறையில் ஒரு ஹார்ப்சிகார்ட் வாங்கி வந்தார். கருவி இன்று இல்லை, அதன் மூடி மட்டும் பிழைத்து ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. பீட்டர் ஐசக்ஸ் அதன்மேல் தீட்டிய ஓவியத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரம் ஒரு பெண்ணாக உட்கார்ந்து உலக உருண்டையில் கைவைத்திருக்கும், பின்னால் கப்பல்கள். அறைக்குப் போகும் முன் ஒரு நாள் அதைப் போய்ப் பார்த்துவிடுங்கள். ஆர்கன்காரர் ஒருவரை ஊரே நம்பி அனுப்பி ஹார்ப்சிகார்ட் வாங்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கும்போது, அவர் நோட்டுகளில் இன்ன கருவிக்கு என்று எழுதாமல் விட்டது கவலையாகவே தெரியாது.

எதிரொலிக்கு வருகிறேன். ஒரு சின்ன வாக்கியம் வரும், உடனே அதே வாக்கியம் தூரத்திலிருந்து திரும்பி வரும். ஆர்கனில் வேறொரு வரிசைக்குக் கையை மாற்றினால் போதும், அந்தக் குழாய்களே வேறு இடத்தில் இருக்கும், தூரம் தானாக வந்துவிடும். அந்தக் கால ருக்கர்ஸ் இரட்டை வரிசையில் இதைச் செய்ய முடியாது. அவற்றில் இரண்டு வரிசையும் ஒரே கம்பிகளை மீட்டின, கீழ் வரிசை சுருதியை ஒரு மத்யமம் அளவு இறக்கித்தர மட்டும் வைத்தது. இந்த அறையில் இருப்பது பிற்கால முறை, இரண்டு வரிசைக்கும் ஒரே சுருதி, மேலே ஒரு செட் எட்டடிக் கம்பி (எழுதிய சுருதியிலேயே ஒலிப்பது), கீழே ஒரு செட் எட்டடியும் ஒரு செட் நாலடியும் (ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பது).

நான் முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். கீழ் வரிசையில் இரண்டு எட்டடிச் செட்டையும் சேர்த்துப் பூட்டி அழைப்பு, மேல் வரிசையில் ஒற்றைச் செட்டில் எதிரொலி. சத்தம் குறைந்தது உண்மை, ஆனால் தூரம் வரவில்லை. ஏனென்றால் மேல் வரிசையின் முள் கம்பியின் நுனிக்குப் பக்கத்தில் மீட்டுகிறது, ஒலி கூர்மையாக, மூக்கால் பேசுவது போல இருக்கும். சத்தம் குறைந்த அதே நேரத்தில் ஆள் காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறான். ஒரு நாள் பூட்டைக் கழற்றிவிட்டுத் தலைகீழாக மாற்றிப் பார்த்தேன். அழைப்பை மேல் வரிசையின் கூர்மையான ஒலியில், பதிலைக் கீழ் வரிசையின் உருண்டையான ஒற்றைச் செட்டில். சத்த அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பதில் அடுத்த அறையிலிருந்து வந்தது! கூடவே பதிலுக்கு முன் ஒரு மூச்சு இடைவெளி, பதிலின் கடைசி ஸ்வரத்தைக் கொஞ்சம் முன்னதாகவே மூடிவிடுவது. ஃப்ரான்ஸ்வா கூப்பரென் 1716ல் எழுதிய வாசிப்பு நூலில் சொல்வது இதைத்தான்: இந்தக் கருவியில் ஒலியைப் பெருக்கவோ குறைக்கவோ முடியாது, ஸ்வரத்தைக் கொஞ்சம் தாமதித்துத் தொடுவதாலும் கொஞ்சம் முன்னதாக அறுப்பதாலும் கேட்பவர் மனசில் அந்த விளைவை உண்டாக்கலாம். சில எதிரொலிகளை ஸ்வேலிங்க் ஒரு ஸ்தாயி கீழேயே எழுதியிருக்கிறார், அவற்றுக்கு வரிசை மாற்றவே தேவையில்லை, நேரம் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

சுருதியைப் பற்றி. ஆர்கனில் சுருதி என்பது சர்ச் கட்டடம் மாதிரி, யாரோ செய்துவைத்தது, நீங்கள் தொட முடியாது. இங்கே சுருதி சேர்க்கும் சாவி உங்கள் கையில். நடத்துபவர் இத்தாலியக் கருவியை எப்போதும் பழைய மீன்டோன் முறையில் வைத்திருக்கிறார். இதில் மேஜர் தேர்ட், அதாவது நம் ஸட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள தூரம், சுத்தமாக ஐந்துக்கு நாலு. தம்பூராவை ஒழுங்காகச் சேர்த்தால் தானாக ஒரு காந்தாரம் கேட்குமே, அதே காந்தாரம். அதற்குக் கொடுக்கும் விலை, ஒரே கறுப்புக் கட்டை இரண்டு ஸ்வரத்துக்கு உதவாது. ஈ ஃப்ளாட்டாகச் சேர்த்த கட்டையை டி ஷார்ப் என்று வாசித்தால் ஓநாய் ஊளைதான்.

ஸ்வேலிங்கின் குரோமாட்டிக் ஃபாண்டசியாவில் அந்த டி ஷார்ப் வருகிறது. அரை ஸ்வரம் அரை ஸ்வரமாக இறங்கும் கரு, மூன்று இடங்களிலிருந்து தொடங்குகிறது, ஈயிலிருந்து இறங்கும்போது டி ஷார்ப் இல்லாமல் முடியாது. அதனால் வாசிக்கும் முன் ஈ ஃப்ளாட் கம்பிகளை மட்டும் இறக்கிவிடுகிறேன். சுருங்கிய கீழ் ஸ்தாயியில் அந்தக் கட்டை கிடையாது, மீதி மூன்று ஸ்தாயி, இரண்டு செட், மொத்தம் ஆறே கம்பி. பி ஸ்வரத்தோடு சேர்த்து அலை நிற்கும்வரை சாவியை ஒரு மயிரிழை திருப்புவது, கிட்டத்தட்ட 41 சென்ட் இறங்கும் (பியானோவில் ஓர் அரை ஸ்வரம் 100 சென்ட்). இறக்குவது என்பதால் கம்பி அறுந்துவிடும் பயம் இல்லை. பிறகு அந்தக் கருவை வாசித்துப் பாருங்கள். அரை ஸ்வரங்கள் ஒரே அளவில் இருக்காது, ஒன்று 117 சென்ட், அடுத்தது 76, அகலம், குறுகல், அகலம், குறுகல். பியானோவில் ஒரே உயரப் படிக்கட்டில் இறங்குவது போல இருக்கும் அதே கரு இங்கே ஒவ்வொரு படியிலும் காலைத் தடவித் தடவி வைத்து இறங்குகிறது. இந்தப் பாட்டில் துக்கம் எங்கே இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. முடிந்ததும் ஆறு கம்பியையும் பழையபடி ஏற்றிவைத்துவிட்டுத்தான் எழ வேண்டும், அது இந்த இடத்து விதி, நியாயமான விதி.

இங்கே என் முதல் குறை. ஒரு மணி என்று காசு வாங்குகிறார்கள், வாசிக்கக் கிடைப்பது 50 நிமிஷம், அடுத்தவர் வந்து உட்காரப் பத்து நிமிஷம் முன்னாலேயே எழுந்துவிட வேண்டும். கம்பியை இறக்க, ஏற்ற என்று இருபது நிமிஷம் போனால் மிச்சம் அரை மணி. சுருதி சேர்க்க அனுமதி கொடுத்திருப்பது பெரிய விஷயம், பல இடங்களில் சாவியைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டார்கள், ஆனால் அதற்குத் தக்க நேரமும் கொடுக்க வேண்டும். நான் இப்போது இரண்டு மணியாகச் சேர்த்தே எடுக்கிறேன்.

இரண்டாவது குறை புக்ஸ்டஹூடவோடு சம்பந்தப்பட்டது. ஜி மைனர் ப்ரெலூடியம், அவர் பட்டியலில் 163ஆம் எண், பெடல் இல்லாமல் கையால் மட்டும் வாசிக்க எழுதியது. ஹார்ப்சிகார்டுக்கு இதைவிடத் தோதான வடஜெர்மன் பாட்டு எனக்குத் தெரியாது. கட்டற்ற ஓட்டம், ஃப்யூக் (ஒரே கருவைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பது), மறுபடி ஓட்டம் என்று மாறி மாறிப் போகும். மரியா ஆலயத்தின் கூரை 38 மீட்டர் உயரம், அங்கே ஓர் ஓட்டத்தை வாசித்துவிட்டுக் கையை எடுத்தால் அந்த மௌனத்தைக் கட்டடம் நிரப்பும். இந்த அறையில் மரத்தரையும் திரைச்சீலையும்தான். மௌனத்தை எழுதியபடி எண்ணி விட்டால் பாட்டு நின்றுபோனது போல இருக்கிறது. அதனால் மௌனத்துக்கு முந்தைய கார்டின் உள் ஸ்வரங்களை மட்டும் விரலில் பிடித்துவைத்து மெல்ல ஒவ்வொன்றாக விடுகிறேன், அறைக்குக் கொஞ்சம் கூரை உயர்ந்த மாதிரி ஆகிறது. நாலடிச் செட்டைத் தொடக்கத்திலேயே இழுத்துவிடாதீர்கள். ஆர்கனில் எல்லாக் குழாயையும் திறந்து தொடங்கிப் பழகிய கை அங்கேதான் போகும். இங்கே அது முதல் பக்கத்திலேயே காதைக் களைப்பாக்கிவிடும், கடைசிப் பகுதிக்கு என்று எடுத்து வையுங்கள்.

புக்ஸ்டஹூடவுக்கு ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும் ஃப்யூக் கருக்கள் ரொம்பப் பிடிக்கும். ஆர்கனில் அதைத் தெளிவாக்க ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் காற்று விட வேண்டும், ஹார்ப்சிகார்டில் அது தானாகவே மணிமணியாக விழும். விழ வேண்டும். நடு ஸ்தாயியில் ஏ கட்டையின் ஜாக், மழை நாளில் ஈரம் ஏறினால் கீழே இறங்காமல் அப்படியே தொங்கிவிடுகிறது, இரண்டாவது தட்டுக்குச் சத்தமே வராது. ஆம்ஸ்டர்டாமில் மழை இல்லாத வாரம் எது? சரியாக அந்த ஸ்வரத்தில் உட்காரும் கரு என்றால் வாசிப்பையே நிறுத்த வேண்டியதுதான். நான் மூன்று முறை சீட்டு எழுதிவைத்தேன், மூன்று முறையும் வந்து ஜாக்கின் ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்தார், இரண்டு வாரம் நன்றாக இருந்தது, மறுபடி தொங்கியது. அந்த அறைக்கு ஈரப்பதம் பார்க்கும் மீட்டரும் ஈரம் இழுக்கும் மெஷினும் வாங்கிப் போட்டால் பிரச்சினை தீரும். இரண்டுமே இல்லை. இரண்டு நல்ல கருவிகள் உள்ள அறையில் இது இல்லாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஸ்டூலின் உயரத்தையும் மாற்ற முடியாது, நான் ஒரு குஷன் கொண்டுபோகிறேன்.

எதை எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஆர்கன் இசையில் பெரும்பகுதி. கிரின்யியின் 1699 புத்தகம் எனக்கு உயிர், ஆனால் அதில் டியர்ஸ் என்னும் குழாய்க் கூட்டில் இடது கை நடுக்குரலாகப் பாடும் பாட்டு இருக்கிறதே, அது அந்தக் குழாயின் நிறத்துக்கென்றே பிறந்தது. நீண்ட ஸ்வரம் நின்று, மெதுவாக ஓர் அலங்காரத்தில் திரும்பும். ஹார்ப்சிகார்டில் அலங்காரம் வருவதற்குள் ஸ்வரம் செத்திருக்கும். டிரில் போட்டு நிரப்பலாம் என்பார்கள், நிரப்பிப் பார்த்தேன், அது வேறு பாட்டாகிவிடுகிறது. மெதுவான கோரல் பிரெலூடுகளில் நீண்ட கீர்த்தனை மெட்டைத் தனியாகத் தூக்கி நிறுத்துபவையும் இப்படித்தான். டாகெனின் நோயெல் என்னும் கிறிஸ்துமஸ் பாட்டுகள் மட்டும் விதிவிலக்கு, அவரே ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் என்றுதான் வெளியிட்டார், வேகம் ஏற ஏற இரட்டை வரிசைக் கருவி சிரித்துக்கொண்டே வாசிக்கும்.

முதல் முறை போகிறவர்கள் பாஹெல்பெலில் தொடங்குங்கள். 1699 தொகுப்பின் கடைசி ஆரியா, செபால்டினா என்று பெயர், எஃப் மைனர். இரட்டை வரிசைக் கருவியில் வாசிக்கவும், இத்தாலியக் கருவியின் மீன்டோனில் எஃப் மைனர் பிடுங்கிவிடும். ஸ்வேலிங்கின் "என் இளம் வாழ்வுக்கு ஒரு முடிவு உண்டு" பாட்டின் ஆறு மாறுதல்களும் நல்லவை, அவற்றை இத்தாலியக் கருவியில் வாசியுங்கள்.

புதன், வியாழன் காலை இடம் எளிதாகக் கிடைக்கும். ஜன்னலை ஒட்டி இத்தாலியக் கருவி, பதினோரு மணிக்கு மேல் வெயில் அதன்மேல் விழும், திரையை இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சேர்த்த சுருதி அரை மணியில் ஓடிவிடும். பென்சில் மட்டும் கொண்டுபோங்கள், பேனாவுக்கு அனுமதி இல்லை. வரும் சனிக்கிழமைக்கு இரண்டு மணி எடுத்துவைத்திருக்கிறேன், ஃப்ரெஸ்கோபால்டியின் ஆறாம் டொக்காட்டாவுக்கு. அதன் தலைப்பிலும் "பெடல் இல்லாமலும்" என்று இருக்கிறது.